தன்னொளியில் ஏமாந்த விளக்கு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கதிரவன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அவன் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அங்குள்ள மக்கள் வழங்குவர். 1924 ஆம் ஆண்டில் கல்லடிப் பாலமும், அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. பயணிகளுக்கு வாவி இன்று சில நிமிடங்களிற் கடக்கும் காட்சி மட்டுமே. எனினும், தோணியை நம்பி வாழும் மீனவனுக்கு வாவி இன்றும் பழைய வாவிதான். மாலையில் வலையோடு சென்று நள்ளிரவிற் கரை திரும்பும் அவனுக்குப் பாலத்து விளக்குகளால் ஆவது ஒன்றுமில்லை. தன் ஊரின் துறை எங்கேயுள்ளது என்பதை இருளில் அவன் தானே கண்டறிதல் வேண்டும்.

ஆரையம்பதிக்குத் தெற்கே வாவியோரத்துச் சிற்றூர் ஒன்றில் அத்தகைய மீனவர் ஒருவர் வாழ்கிறார். கண்டல் மரங்களின் தலைகள் வானத்தில் வரையும் கோடு, கோவிற் பக்கத்திலிருந்து வரும் நாய்க்குரைப்பு, ஊன்றும் கோலின் நுனியில் மணல் சேறாக மாறும் இடம் என்பனவே அவருக்கு வழிகாட்டிகள். அவருடைய மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில், கொழும்பிலே தொழில்புரியும் மைத்துனன் ஒருவன் அவனுக்கு ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தான். அதனுள் ஆர்டுயினோ எனப்படும் மின்பலகை ஒன்றும், வயர்களும், தடைகளும், விளக்குமணிகள் சிலவும் இருந்தன. இருள் சூழும்போது தானே எரிந்து விடியும்போது தானே அணையும் விளக்கொன்றைத் துறையில் நாட்டவேண்டும் என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் எழுந்தது. தந்தையிடம் கூறினான். அவர் வலையின் அறுந்த கண்ணைப் பொத்திக்கொண்டே விடையிறுத்தார்:

"இல்லாத வெளிச்சத்தால ஆருக்கும் கெடுதல் இல்ல மனே. இருக்குமெண்டு நம்பி வாறவனுக்கு அது இல்லாமப் போறதுதான் கெடுதல்."

இக்கூற்றின் முழுப்பொருள் மகனுக்கு அன்று விளங்கவில்லை.

கலைப்பீடத்தாருக்கு இப்பொருள் சற்று அந்நியமாகத் தோன்றக்கூடுமாதலின், அச்சாதனங்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் தகும். விளக்குமணி என மேலே குறித்ததனை எமது பாடநூல்கள் 'ஒளிகாலும் இருவாயி' என்று அழைக்கின்றன. காலுதல் என்பது உமிழ்தலைக் குறிக்கும் பழஞ்சொல். கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளியைத் தரும் இருவாயியை அமெரிக்கரான நிக் ஹொலோனியாக் 1962 இல் ஆக்கினார். நீலவொளி இருவாயி பல்லாண்டுகள் கைகூடாதிருந்து, யப்பானியர் மூவரின் உழைப்பால் 1990களிற் பயனுக்கு வந்தது. அதன் வழியே வெள்ளொளியும் கிட்டியது. அம்மூவரும் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர். மின்பலகையின் நடுவே அமர்ந்திருப்பது நுண்கட்டுப்படுத்தி. ஒரு சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. ஆர்டுயினோ 2005 இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், பொறியியல் பயிலாத மாணவரும் கையாளவேண்டும் என்னும் நோக்குடனேயே தோற்றுவிக்கப்பட்டது. தமிழிலே கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவரான விபுலானந்த அடிகள் காரைதீவிற் பிறந்தவர், விஞ்ஞானம் பயின்றவர். அவர் பிறந்த மண்ணில் இத்தகைய பொருளைத் தமிழிற் பேசுவது புதுமையன்று.

முதல் நாள் மாலை, மின்பலகையைப் பழைய மடிக்கணினியொன்றோடு இணைத்து, ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையும் எளிய நிரலை அவன் ஏற்றினான். துளைப்பலகையிற் செருகிய விளக்குமணி எரியவில்லை. வயரை மாற்றினான், நிரலைத் திருத்தினான், விளக்குமணியைக் கழற்றி வேறொன்றைச் செருகினான், பின்னர் அனைத்தையும் ஒருங்கே கலைத்து மீண்டும் பூட்டினான். இரவு பதினொரு மணிக்குள் முதலில் என்ன பிழை இருந்தது என்பதும், அதன்பின் தான் எத்தனை பிழைகளைச் சேர்த்தான் என்பதும் அவனுக்கே தெரியாத நிலை ஏற்பட்டது. தொடக்கநிலையாளர் யாவரும் விழும் குழி இதுவேயாம்.

மறுநாள் ஆரையம்பதியில் வானொலி திருத்தும் முதியவரொருவரின் கடைக்குச் சென்றான். திரான்சிஸ்டர் வானொலிகளோடு இளமையையும் தொலைக்காட்சிகளோடு நடுவயதையும் கழித்தவர் அவர். நுண்கட்டுப்படுத்தியை அவர் தொட்டதுமில்லை.

"எல்லாம் சரியாத்தான் கிடக்கு மாமா. ஆனாப் பத்துதில்ல."

"எல்லாம் சரியெண்டாப் பத்தும் மனே. பத்தாட்டி ஏதோ ஒண்டு சரியில்ல. எது சரியெண்டு உனக்கு நிச்சயமாத் தெரியும்? அதிலயிருந்து தொடங்கு."

அவன் விழித்தான். முதியவர் மின்பலகையை உற்று நோக்கினார். அதன் மேலேயே பொருத்தப்பட்டிருந்த சிறு விளக்கொன்று ஒரு நொடி எரிந்தும் ஒரு நொடி அணைந்தும் கொண்டிருந்தது. பதின்மூன்றாம் முனையோடு இணைந்த அவ்விளக்கை முந்திய இரவு முழுவதும் அவன் கண்டிருந்தும் காணாதிருந்தான். அவ்விளக்கு எரிவதனால் மின் வருகின்றது, நிரல் இயங்குகின்றது, கணினியும் கேபிளும் பழுதற்றவை. ஆகவே பிழை, முனைக்கு அப்பாலுள்ள பாதியிலேயே இருத்தல் வேண்டும். பழுதின் இருப்பிடம் ஒரே பார்வையிற் பாதியாகக் குறுகிவிட்டது. பின்னர்ப் பிழையும் வெளிப்பட்டது. இருவாயி மின்னை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். அதன் நீண்ட கால் அனோட்டு. குறுகிய கால் கதோட்டு. அவன் அவற்றை மாறிச் செருகியிருந்தான்.

அன்று முதியவர் அவனுக்குக் கூறிய விதிகள் மூன்று. மின் புறப்படும் இடத்திலிருந்து தேடு. பாதைய இரண்டாப் பிரிச்சுப் பார். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்து. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள், எந்தப் படியெடுப்பிற் பாடம் திரிந்தது எனத் தேடிச்சென்றதும் ஏறக்குறைய இவ்வழியே அன்றோ?

பிழைகள் அத்தோடு முடியவில்லை. விளக்குமணியொன்றைத் தடையின்றி நேரே ஐந்து வோல்ற்று மின்னோடு இணைத்தபோது, அது ஒருகணம் மிகுந்த ஒளியோடு மின்னிக் கருகிற்று. சிவப்பு விளக்குமணிக்கு வேண்டுவது ஏறத்தாழ இரண்டு வோல்ற்று மட்டுமே; எஞ்சிய மூன்றையும் தாங்கிக்கொள்ள ஒரு தடை வேண்டும். மூன்றை 220 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 14 மில்லியம்பியர் வரும். அது விளக்குமணிக்கும் தீங்கன்று. மின்பலகையின் முனைக்கும் தீங்கன்று. ஓமின் விதியைப் பரீட்சைத்தாளில் எத்தனையோ முறை எழுதியவன், அதனை உண்மையிற் கற்றது அந்தக் கருகிய மணியிடமே.

பின்னொரு நாள், துளைப்பலகையின் ஒரு பாதியில் எரிந்த விளக்கு மறுபாதியில் எரியவில்லை. பலகையின் ஓரமாக ஓடும் நீண்ட சிவப்புக்கோடு நடுவில் ஓரிடத்தில் அறுந்திருந்தது. பெரிய துளைப்பலகைகள் பலவற்றில் உள்ளேயுள்ள உலோகப்பட்டையும் அவ்விடத்திலேயே அறுந்திருக்கும். கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தோன்றுவது மின்னுக்குத் தொடர்ச்சியாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. முதியவர் தம் பல்மானியைக் கொடுத்தார். அதன் இரு முனைகளையும் ஒரே பாதையில் வைத்தால் ஒலி எழும்; பாதை அறுந்திருந்தால் எழாது. முழுமதி இரவுகளிற் கல்லடியில் மீனிசை கேட்கச் செல்வோர், துடுப்பை நீருள் இறக்கி அதன் மேல்முனையிற் செவியை வைப்பது மட்டக்களப்பார் அறிந்த வழக்கம். நீருள் நிகழ்வதைத் துடுப்பு செவிக்குக் கொண்டுவருகின்றது. வயருள் நிகழ்வதைப் பல்மானியும் அவ்வாறே கொண்டுவரும். ஊகிப்பவன் தன் மனத்தையே கேட்கின்றான். அளப்பவன் பொருளைக் கேட்கின்றான்.

நிரலிலே நேர்ந்த பிழையொன்று மொழி பயில்வோர்க்குச் சுவை தருவது. இருளானால் எரிக என்னும் நிபந்தனையில், இரண்டு சமக்குறிகள் இடவேண்டிய இடத்தில் அவன் ஒன்றையே இட்டிருந்தான். அந்த நிரல்மொழியில் இரண்டு சமக்குறிகள் 'இதுவும் அதுவும் ஒன்றா?' என வினவும். ஒற்றைச் சமக்குறி 'இதனை அதுவாக்கு' என ஆணையிடும். ஆகவே பொறி, இருளா என்று வினவாமல், இருளென்றே கொண்டு நண்பகலிலும் விளக்கை எரித்தது. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் இடையே நிற்பது ஓர் ஒற்றே. முன்னதில் தொழில் கிடைக்கும். பின்னதிற் படைக்கலம் கைமாறும். முற்றுப்புள்ளி போன்ற குறியொன்று விடுபட்டால் கணினி முறையிடும். அம்முறையீடும் பெரும்பாலும் பிழையுள்ள வரிக்கு அடுத்த வரியையே சுட்டும். பொருள் மாறிய கூற்றுக்கோ அது முறையிடவே மாட்டாது. நாம் கருதியதை அது அறியாது. நாம் எழுதியதையே அது செய்யும்.

வெள்ளை விளக்குமணிகள் ஆறினை மும்மூன்றாகத் தொடுத்து, ஒவ்வொரு தொடருக்கும் ஒரு தடையிட்டு, பன்னிரண்டு வோல்ற்று பற்றரியிலிருந்து திரான்சிஸ்டர் ஒன்றின் வழியே எரிக்கும் அமைப்பு ஒருவாறு உருப்பெற்றது. வானொளியை அறிவதற்கு ஒளியுணர் தடையொன்று மேலே பொருத்தப்பட்டது. ஒளி மிகுந்தால் அதன் தடை குறையும். ஒளி குறைந்தால் தடை மிகும். அம்மாற்றத்தை மின்பலகை பூச்சியத்துக்கும் 1023 க்கும் இடைப்பட்ட எண்ணாக வாசிக்கும். எண் 400 இற்குக் குறைந்தால் எரிக, மிகுந்தால் அணைக என்பது கட்டளை.

வீட்டு முற்றத்தில் அந்திவேளையில் அதனைச் சோதித்தான். விளக்கு எரிந்தது, அடுத்த நொடி அணைந்தது, மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைந்தது. இருள் முழுமையாகக் கவிந்த பின்னரும் இவ்வாறே துடித்தது. எங்கோ வயர் தளர்ந்துள்ளது என்று துணிந்து, இரண்டு நாள்கள் ஒவ்வொரு வயராக அழுத்திப் பார்த்தான். பயன் யாதுமில்லை. மூன்றாம் நாள் மாலை முதியவர் சைக்கிளில் வந்தார். எதனையும் தொடாது சிறிதுநேரம் பார்த்திருந்தார். பின்பு தம் உள்ளங்கையை விளக்குமணிகளுக்கும் ஒளியுணர் தடைக்கும் நடுவே நீட்டினார். துடிப்பு நின்றது. விளக்கு அமைதியாக எரிந்தது. கையை எடுத்தார், மீண்டும் துடித்தது.

"ஒரு பிழையும் இல்ல மனே. விளக்கு தன்ர வெளிச்சத்தத் தானே கண்டு விடிஞ்சிட்டெண்டு நினைக்குது."

இருளைக் கண்டு எரிகின்றது. எரிந்தவுடன் தன்னொளியையே பகலென மயங்கி அணைகின்றது. அணைந்தவுடன் மீண்டும் இருளைக் காண்கின்றது. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே தன் கடமையைச் செவ்வனே செய்தது. பிழை உறுப்புகளில் இல்லை. அவை ஒன்றையொன்று நோக்கிய நிலையில் இருந்தது. இரண்டு நாள்கள் வயரை அழுத்தியவன் தேடியது, தான் முன்பே நம்பிய காரணத்துக்கான சான்றையே. முதியவரோ ஒரு கையால் ஒரு வினாவை எழுப்பினார். விளக்கு விடை கூறிற்று.

திருத்தம் இருவகையாற் செய்யப்பட்டது. ஒளியுணர் தடைமீது சிறு பிளாத்திக்குக் குழாயொன்று பொருத்தப்பட்டு, வானத்தை மட்டுமே அது காணுமாறு செய்யப்பட்டது. நிரலிலும் எரிவதற்கு ஓர் எல்லையும் அணைவதற்கு வேறோர் எல்லையும் விதிக்கப்பட்டன: 300 இற்குக் கீழே எரிக, 500 ஐக் கடந்தால் மட்டும் அணைக. இடைப்பட்ட மங்கலில் முன்னைய நிலையே நீடிக்கும். அற்ப மாற்றத்துக்கெல்லாம் மனம் மாறாதிருக்கும் இயல்பு விளக்குக்கும் வாய்த்தது.

துறையில் நாட்டிய மரக்கம்பத்தில் விளக்கு ஏறியது. மின்பலகையும் மணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 90 மில்லியம்பியர் உண்ணும். பன்னிரண்டு மணிநேர இரவுக்கு அது 1.1 அம்பியர்-மணி. பற்றரியோ 7 அம்பியர்-மணி கொள்ளுவது. மூன்று நாளைக்கொருமுறை மாற்றினால் ஐயமில்லை எனக் கணக்கிட்டான். முதல் வாரத்தில் தந்தை விளக்கை நோக்கியும் நோக்காதவர்போல் வந்தார். இரண்டாம் வாரத்தில் நேரே விளக்கை நோக்கியே தோணியைச் செலுத்தினார். கண்டல் மரங்களின் கோட்டை அவர் கண்கள் தேடுவது குறைந்துவிட்டது. மகன் அதனைக் கண்டு மகிழ்ந்தான்.

அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, அந்தியில் எரிந்த விளக்கு நள்ளிரவுக்கு முன்னரே அணைந்தது. அன்றுதான் பற்றரி மாற்றி இரண்டாம் நாள். தந்தை துறையைக் கடந்து தெற்கே சென்று, கரையோரத்து வலைக்கம்புகளுக்குள் அகப்பட்டார். வலை கிழிந்தது, கம்பின் முறிந்த நுனி அவருடைய முன்கையைக் கிழித்தது. மகன் ரோச்சு வெளிச்சத்தோடு கரையிலே நின்று கூவியழைத்த பின்னரே தோணி திரும்பிற்று. அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கிழிந்த வலையை முற்றத்தில் விரித்துவிட்டு உறங்கச் சென்றார். கடிந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

காலையில் அளந்தபோது பற்றரி முற்றாக இறங்கியிருந்தது. பற்றரி பழசு, வேறொன்று வாங்கினாற் போதும் என்றான் அவன்.

"பற்றரி செத்ததுதான் முடிவு. ஏன் செத்ததெண்டு பார்த்தியா?" என்றார் முதியவர்.

கணக்கு மீண்டும் போடப்பட்டது. இரவில் மட்டும் எரிந்திருந்தால் இரண்டு நாளில் இறங்க நியாயமில்லை. ஆகவே அது பகலிலும் எரிந்திருத்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் யாரும் அதனைக் கண்டிரார். வேறு பற்றரியை இணைத்து, மணிகளைக் கையாற் பொத்திப் பார்த்தார்கள். உச்சி வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்பலகை வாசித்த எண் 40. வானம் வெளுத்திருக்க, விளக்கு நள்ளிரவைக் கண்டது. குழாயைக் கழற்றினார்கள். அதன் வாய் முழுவதும் ஈரமண் குழைத்து அடைக்கப்பட்டிருந்தது. குளவியொன்று அங்கே கூடு கட்டியிருந்தது.

தன்னொளியினின்று விளக்கைக் காப்பதற்கு இட்ட குழாயே குளவிக்கு மனையாயிற்று. ஒரு பிழைக்கான மருந்து அடுத்த பிழைக்கு வித்தாயிற்று. இத்தகைய நிகழ்ச்சி உலகுக்குப் புதியதன்று. 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து 'மார்க் 2' என்னும் கணிப்பொறி பழுதுற்றபோது, அதன் மின்னிணைப்பியொன்றுள் அகப்பட்ட அந்துப்பூச்சியை எடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சியொன்று உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி எனக் குறித்துவைத்தனர். பொறிகளின் பழுதைப் 'பூச்சி' என்று ஆங்கிலத்தில் அழைக்கும் வழக்கு அதற்கும் முந்தியது. எடிசன் 1878 இலேயே அச்சொல்லைக் கையாண்டுள்ளார். அப்பூச்சியை எறியாது ஏட்டில் ஒட்டியமையே போற்றத்தக்கது. அவர்கள் தம் பொறியின் பிழையை மறைக்கவில்லை. அடுத்து வருவோர் அறியுமாறு நாளும் நேரமும் இட்டு வைத்தார்கள்.

மாணவனும் அன்று ஓர் அப்பியாசக் கொப்பியைத் தொடங்கினான். கருகிய மணி, அறுந்த சிவப்புக்கோடு, ஒற்றைச் சமக்குறி, குளவிக்கூடு என ஒவ்வொன்றும் நாளோடு அதிலே பதிவாயின. குழாயின் வாய்க்குக் கண்ணாடித் துண்டொன்று ஒட்டப்பட்டது. உப்புக்காற்றில் வயர்முனைகள் பச்சை பூத்திருந்தமையால், துளைப்பலகை அகற்றப்பட்டு, இணைப்புகள் யாவும் பற்றாசு பிடிக்கப்பட்டு, மேலே வார்னிஷ் பூசப்பட்டது.

இவையாவும் பிழையைத் தடுக்கும் வழிகள். ஆயினும், தடுக்க இயலாத பிழை இனியும் வரும் என்பதை அவன் அப்பொழுது அறிந்திருந்தான். தந்தை முதல் நாள் கூறிய சொல் அவனுக்கு விளங்கியது. ஆகவே நிரலில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தான். இரண்டு தடைகளால் பற்றரியின் வோல்ற்றளவைக் கால்பங்காகக் குறைத்து மின்பலகையின் இன்னொரு முனைக்குக் கொடுத்தான். பற்றரி 11.8 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், விளக்கு நிலையாக எரியாது மெதுவாக விட்டுவிட்டு எரியும். என்னை முழுதும் நம்பாதீர் என்று விளக்குத் தானே கூறும் முறை அது.

விளக்குச் செய்யக் கற்றவர் பலராவர். தன் குறையைத் தானே உரைக்கும் விளக்கைச் செய்வதற்கு, முதலில் தன் குறையைத் தான் காணும் பழக்கம் வேண்டும். பாடநூலிலும் ஆய்வுரையிலும் நாம் அடையும் முடிவுகளைப் பிறர் நம்பி வழிநடக்கின்றனர். எம்முடிபு நிலையாக எரிகின்றதா, விட்டுவிட்டு எரிகின்றதா என்பதை அவர்களுக்கு அறிவிக்கும் கடமை எமக்கும் உண்டு. தன்னொளியையே பகலென மயங்கும் குற்றம் விளக்குமணிகளுக்கு மட்டும் உரியதன்று.

கச்சான் காற்று ஓய்ந்த ஓர் இரவு, துறையின் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. தோணியில் வந்துகொண்டிருந்தவர் அதனைக் கண்டார். கண்களை உயர்த்திக் கண்டல் மரங்களின் கோட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கோலை ஊன்றி மணல் சேறாகும் இடத்தையும் உணர்ந்தார். தோணி தன் வழக்கமான இடத்திலே வந்து முட்டிற்று. கரையில் நின்ற மகனிடம் கயிற்றை எறிந்துவிட்டு, அவர் கூறியது இவ்வளவே:

"நாளைக்குப் பற்றரிய மாத்து மனே. விளக்குச் சொல்லிப்போட்டுது."